கலிஃபோர்னியாவில் டீச்சர் ஆக: இன்டர்னா, ஸ்டூடன்ட் டீச்சிங்கா, ரெசிடென்சியா?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து மடக்கு நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். "அக்கா, இங்க அரசுப் பள்ளியில டீச்சர் ஆகணும்னா என்ன செய்யணும்? இன்டர்ன்னு ஒரு வழி இருக்காமே, முதல் நாள்ல இருந்தே சம்பளமாமே?" கேட்பவர்களின் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஊரில் பி.இ. அல்லது எம்.எஸ்சி. படித்தவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், கையில் எச்4 (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் விசா) வேலை அனுமதியோ கிரீன் கார்டோ இருக்கிறது, பத்து வருடம் வீட்டில் இருந்ததில் கொஞ்சம் தயக்கம். போன மாதம் கேட்டவர் மதுரைப் பக்கத்துக்காரர். அவருக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு இப்படி ஆகிவிட்டது.

முதலில் அந்த 'இன்டர்ன்' என்ற சொல். சாஃப்ட்வேர் கம்பெனியில் கோடை விடுமுறைக்கு வந்து போகும் பையனை நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் பி.எட். படிக்கும்போது பாடத்திட்ட நோட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போவோமே, கடைசி பெஞ்சில் விரிவுரையாளர் உட்கார்ந்து மார்க் போடுவாரே, அதுவும் இது இல்லை. அதற்கு இங்கே ஸ்டூடன்ட் டீச்சிங் என்று பெயர். கலிஃபோர்னியாவில் இன்டர்ன் என்றால் அந்த வகுப்புக்கு முழுப் பொறுப்பான ஆசிரியர். வருகைப் பதிவு, மதிப்பெண், பெற்றோர் சந்திப்பு எல்லாம் உங்கள் பெயரில். வகுப்பறைச் சாவி உங்கள் கையில். கூடவே மாலை நேரத்தில் நீங்கள் மாணவி. பட்டம் இருக்கிறது, பாடம் தெரியும், கற்பிக்கும் பயிற்சி மட்டும் இன்னும் முடியவில்லை. அதை வேலை பார்த்துக்கொண்டே முடிக்க மாநிலம் தரும் அனுமதிதான் இன்டர்ன் கிரெடென்ஷியல்.

எந்த வழியில் போனாலும் கிடைக்கப்போவது ஒன்றுதான்: 5 வருடம் செல்லுபடியாகும் பிரிலிமினரி கிரெடென்ஷியல், அதாவது முதல்நிலை ஆசிரியர் உரிமம். அதற்குப் பிறகு, வேலையில் இருந்துகொண்டே இண்டக்‌ஷன் என்ற இரண்டு வருட வழிகாட்டலை முடித்தால் நிலையான உரிமம். கொடுப்பது சாக்ரமென்டோவில் இருக்கும் ஆசிரியர் உரிம ஆணையம், எல்லாரும் சி.டி.சி. என்பார்கள். ஆகவே எந்த வழி 'உசத்தி' என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. அந்த ஒன்றரை, இரண்டு வருடத்தை நீங்கள் எப்படிக் கழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஊரில் பி.எட். முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இந்தக் கட்டுரையை அப்படியே மூடிவைத்துவிட்டு உங்கள் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கென்றே சி.டி.சி.யில் தனிப் பாதை இருக்கிறது. பட்டமும் பயிற்சியும் இங்குள்ளதற்கு இணை என்று அறிக்கை வந்தால், இன்டர்ன் ஆகாமலேயே பிரிலிமினரி வாங்க வாய்ப்புண்டு. பாக்கித் தேவைகளை அந்த 5 வருடத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பி.எட். இருந்தும் இது தெரியாமல் முழுப் பயிற்சித் திட்டத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார். அட்மிஷன் மேசையில் யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மதிப்பீடு எல்லாருக்குமே முதல் படி. சி.டி.சி. ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் அறிக்கைதான் செல்லும், அதுவும் பாடவாரியான அறிக்கை. கணவரின் விசா வேலைக்காகப் பழைய மதிப்பீடு ஒன்று வீட்டில் கிடக்கும். அது இதற்குப் போதும் என்று நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான்கு வருட பி.இ. பொதுவாகச் சிக்கலில்லாமல் இணைப் பட்டமாக வந்துவிடும். மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் என்றால் பல நேரங்களில் 'மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு' என்று எழுதிவிடுவார்கள். மேலே எம்.எஸ்சி. இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த உறையில் மதிப்பெண் பட்டியலை வரவழைக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும். ஊருக்குப் போகும்போது அப்பாவைத் தொந்தரவு செய்யாமல் நீங்களே நேரில் போய் வாங்கிவிடுங்கள்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

வழக்கமான வழி ஸ்டூடன்ட் டீச்சிங். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பாடங்களைப் படித்து, அனுபவமுள்ள ஒரு ஆசிரியரின் வகுப்பில் பயிற்சி எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 600 மணி நேரக் களப் பயிற்சி. முதல் சில வாரம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு ஒரு பாடம், பிறகு இரண்டு, கடைசியில் முழு நாள். சொதப்பினால் எழுந்து வந்து காப்பாற்ற ஆள் உண்டு. சம்பளம் பொதுவாகக் கிடையாது. கட்டணமும் கட்டி, பெட்ரோலும் போட்டு, சும்மா போய் வேலை செய்வது போலத்தான் இருக்கும். ஒரு வருமானத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா வாடகை கொடுக்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ரெசிடென்சி இதே வழியின் வசதியான உடன்பிறப்பு. ஒரு முழுக் கல்வியாண்டு ஒரே ஆசிரியருடன், ஒரே வகுப்பில், உதவித்தொகையோடு. 2018-இல் மாநிலம் இதற்காக 7.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2021-இல் இன்னும் 35 கோடி. அதனால்தான் இப்போது பல டிஸ்ட்ரிக்ட்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இந்தப் பெயர் அடிபடுகிறது. அரசு மானியத்தில் நடக்கும் ரெசிடென்சிக்கு ஒரு கட்டு உண்டு: முடித்த பிறகு அந்த டிஸ்ட்ரிக்டில் 4 கல்வியாண்டு வேலை பார்க்க வேண்டும். சொந்த வீடு வாங்கி ஒரே ஊரில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு அது கட்டே இல்லை. கணவரின் வேலை நாளைக்கே ஆஸ்டினுக்கு மாறலாம் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசியுங்கள். உதவித்தொகை வாங்குபவர்கள் தங்கள் விசா நிலையையும் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது இன்டர்ன். இதில் இரண்டு வகை. ஒன்று, பல்கலைக்கழகம் நடத்துவது: கால் ஸ்டேட் என்னும் மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் பலவற்றில் உண்டு, நேஷனல் யுனிவர்சிட்டி போன்ற தனியார் கல்லூரிகளிலும் உண்டு. இன்னொன்று, டிஸ்ட்ரிக்டோ சார்ட்டர் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள்) அமைப்போ தானே நடத்துவது: லாஸ் ஏஞ்சலஸ் யுனிஃபைடு, சான் டியேகோவின் ஹை டெக் ஹை ஆகியவை இதற்கு உதாரணம். இரண்டாவது வகை இருக்கும் இடங்கள் குறைவு. உங்கள் பக்கத்தில் இருந்தால் செலவு மிச்சம், வகுப்பும் அந்த டிஸ்ட்ரிக்டின் புத்தகங்களையும் பிள்ளைகளையும் ஒட்டியே நடக்கும். ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழக இன்டர்ன்தான் கைக்கு எட்டும்.

இன்டர்ன் உரிமம் கைக்கு வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டியவை நிறைய. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்டூடன்ட் டீச்சிங்கில் சிலவற்றைப் படித்துக்கொண்டே முடித்துக்கொள்ளலாம். இன்டர்னுக்கு அந்தச் சலுகை இல்லை. நாளைக்கே வகுப்பை உங்களிடம் கொடுக்கப் போகிறார்கள் அல்லவா!

பாடத் தகுதிதான் அதில் பெரியது. சீசெட் என்ற மாநிலப் பாடத் தேர்வு எழுதலாம். கணிதம் என்றால் மூன்று தாள். மூன்றாவது தாள் கால்குலஸ். முதல் இரண்டு மட்டும் தேறினால் அடிப்படை நிலைக் கணிதம் என்ற உரிமம் கிடைக்கும், நடுநிலைப் பள்ளிக்கும் உயர்நிலையின் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி வகுப்புகளுக்கும் அது போதும். 2021 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தேர்வே எழுதாமல், படித்த மேஜரையோ (பட்டத்தின் முதன்மைப் பாடம்) பாடங்களையோ காட்டியும் பாடத் தகுதியை நிரூபிக்கலாம். எம்.எஸ்சி. கணிதம் படித்தவர்கள் முதலில் இதைக் கேளுங்கள். இன்ஜினியரிங் படித்தவர்களின் மேஜர் எந்தப் பள்ளிப் பாடத்தின் பெயரோடும் நேராகப் பொருந்தாது, ஆகவே பாடம் பாடமாகக் கணக்குப் பார்க்க வேண்டிவரும். என்னைக் கேட்டால் அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு ஆகும் நேரத்தில் சீசெட்டே எழுதிவிடலாம். நம் ஊர் பிளஸ் டூ கணக்கை ஒழுங்காகப் போட்டவர்களுக்கு அது மலை இல்லை. கணினி அறிவியல் படித்தவர்கள் 'கம்ப்யூட்டர் டீச்சர்' உரிமம் எங்கே என்று தேடுவார்கள். அப்படித் தனி உரிமம் இங்கே இல்லை. கணித உரிமம் உள்ளவர் கணினி அறிவியலும் நடத்தலாம். எனவே கணிதத்தை எடுங்கள்.

அடுத்து அமெரிக்க அரசியலமைப்பு. இங்கே கல்லூரி படித்தவர்கள் போகிற போக்கில் முடித்திருப்பார்கள், நம்மில் யாரிடமும் அது இருக்காது. ஒரு கம்யூனிட்டி காலேஜ் பாடமோ ஒரு தேர்வோ போதும். சின்ன விஷயம்தான். ஆனால் ஆகஸ்ட் முதல் வாரம் வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'அதுவும் வேணுமா?' என்று விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடிப்படைத் திறன் தேர்வான சீபெஸ்ட் பற்றிப் பழைய வீடியோக்களில் பயமுறுத்துவார்கள். 2024 கோடையிலிருந்து இளங்கலைப் பட்டமே அதற்கு ஈடு. பட்டம் வெளிநாட்டினுடையது என்றால் மதிப்பீட்டு அறிக்கையைக் கல்லூரியின் கிரெடென்ஷியல் அலுவலகத்தில் காட்டி, இந்தத் தேவை முடிந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு 120 மணி நேர முன்பயிற்சி: வகுப்பை நடத்துவது, பாடம் திட்டமிடுவது, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது. பெரும்பாலும் ஒரு செமஸ்டரிலோ கோடையிலோ முடியும். கடைசியாகக் கைரேகை. லைவ் ஸ்கேன் கடையில் கண்ணாடி மேல் விரலை வைத்து, அந்தப் பையன் என் கட்டைவிரலை மூன்று தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, "நிறையப் பாத்திரம் கழுவுவீங்களா?" என்று கேட்டான். ரேகை தேய்ந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி போக வேண்டும். ஒரு வாரம் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனேன். அதனால்தான் விழுந்ததா தெரியாது, விழுந்தது.

இவ்வளவும் முடிந்தாலும் வேலை கிடைத்தால்தான் இன்டர்ன் உரிமம் வரும், அது அந்த டிஸ்ட்ரிக்டுக்கு மட்டுமே செல்லும். 2 வருடம், தக்க காரணம் இருந்தால் இன்னொரு வருடம் நீட்டிப்பார்கள். இடையில் டிஸ்ட்ரிக்ட் விட்டால் உரிமமும் போச்சு, புது வேலை தேடி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியை விட்டாலும் அதே கதி. அதாவது வேலையும் படிப்பும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கும். இன்டர்னாக இருக்கும் காலத்தில் நிரந்தரப் பணி உரிமையும் கிடையாது.

எச்4 அட்டையில் இருப்பவர்கள் இதோடு இன்னொரு முடிச்சையும் எண்ணிக்கொள்ள வேண்டும். இன்டர்னுக்கு முதல் நாளிலிருந்து வேலை அனுமதி வேண்டும். புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அட்டை தானாக நீளும் வசதி 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு இல்லை. அட்டை ஜனவரியில் முடிந்து புதியது மார்ச்சில் வந்தால், நடுவில் உங்கள் வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். இரண்டு வருட உரிமத்தை ஓட்டும்போது இது நடக்கக்கூடிய காரியம். சம்பளமில்லாத ஸ்டூடன்ட் டீச்சிங் படிப்பின் ஒரு பகுதி, எச்4-இல் படிக்கத் தடையில்லை. அட்டைத் தேதி சரியாக இல்லாதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

இனி நல்ல பக்கம். இன்டர்னுக்கு ஆசிரியர் சம்பளப் பட்டியலில் உள்ள சம்பளம், குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, கால்ஸ்டர்ஸ் ஓய்வூதியக் கணக்கு எல்லாம் உண்டு. மேற்பார்வைச் செலவுக்காகப் பல்கலைக்கழக இன்டர்னின் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குவரை பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆகவே கையெழுத்துப் போடும்போது அதைக் கேட்டுவிடுங்கள். ஆசிரியராக வேலை பார்ப்பதால் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் போனது இந்த வழியில்தான். ஏழாம் வகுப்புக் கணக்கு, ஐந்து பிரிவு. முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஐந்தாவது பீரியடில் 32 பிள்ளைகள். பின்ன வகுத்தலைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், இரண்டு பேர் பென்சில் சீவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவன் என் பெயரை ஐந்து விதமாக உச்சரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒரு பெண் ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் ஊர்ப் பழக்கத்தில் "சைலன்ஸ்!" என்று ஒரு சத்தம் போட்டேன். ஒரு நொடி அமைதி, பிறகு மொத்த வகுப்பும் சிரித்தது. கணக்கு எனக்குத் தெரியும். அந்த 32 பேரை உட்கார வைப்பது எப்படி என்று எனக்குப் பாடம் நடத்த வேண்டிய கல்லூரி வகுப்பு அடுத்த செமஸ்டரில்தான் இருந்தது.

இன்டர்ன் வழியின் குறை இதுதான்: தேவைப்படும் நேரத்துக்குப் பிறகுதான் பாடம் வரும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் மென்டர் என்ற வழிகாட்டி ஆசிரியர். விதிப்படி ஒரு பள்ளியாண்டில் 144 மணி நேர வழிகாட்டலும் மேற்பார்வையும் தர வேண்டும், ஐந்து பள்ளி நாளுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்காக மேலும் 45 மணி நேரம். தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குக் கொடுத்த மென்டர் வேறு பள்ளியில் இருந்தார், அவருக்கே ஐந்து வகுப்பு. நல்ல மனுஷி, ஆனால் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மாலை ஏழு மணிக்கு ஃபோனில், அவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்க. மாதக் கடைசியில் மணிக்கணக்குப் படிவத்தை நிரப்பும்போது இருவருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். என்னை உண்மையில் தூக்கிவிட்டவர் பக்கத்து அறை அறிவியல் ஆசிரியை. அவர் எந்தப் படிவத்திலும் இல்லை. வாரம் இரண்டு மாலை கல்லூரி, ஞாயிறு முழுக்க ஆசிரியர் செயல்திறன் மதிப்பீட்டுக்கான வீடியோவும் எழுத்து வேலையும். அந்த வருடம் தீபாவளிக்குப் பலகாரம் எல்லாம் கடையில்தான்.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு குறுக்கு வழியும் கண்ணில் படும். பாடத் தகுதி இன்னும் முடியவில்லை, ஆனால் டிஸ்ட்ரிக்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் தற்காலிக அனுமதி வாங்கித் தருவார்கள்: பிப் என்பது ஒரு வருடத்துக்கு, எஸ்டிஎஸ்பி என்பது அந்தப் பள்ளியாண்டு முடியும்வரை. விண்ணப்பிப்பது டிஸ்ட்ரிக்ட், நீங்கள் அல்ல. வகுப்புப் பொறுப்பு இன்டர்னுக்கு உள்ளதேதான், ஆனால் பின்னால் ஒரு கல்லூரி நிற்காது. ஆள் எடுக்கும் வரிசையும் சட்டத்திலேயே இருக்கிறது: முதலில் முழு உரிமம் உள்ளவர், கிடைக்காவிட்டால் இன்டர்ன், அதற்கும் பிறகுதான் இந்த அனுமதிகள். சீசெட்டில் ஒரு தாள் மட்டும் பாக்கி, அடுத்த வருடம் இன்டர்ன் ஆகிவிடுவேன் என்பவருக்கு இது ஒரு பாலம். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஸ்பெஷல் எஜுகேஷன் பற்றி ஒரு வரி: ஆள் பற்றாக்குறை அங்கேதான் அதிகம், இன்டர்ன் வேலை சட்டென்று கிடைக்கும். சட்டென்று கிடைப்பதாலேயே போகாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம், அதற்குச் சட்டக் கெடு, பெற்றோரோடும் நிபுணர்களோடும் கூட்டம். உதவியாளராக ஒரு வருடமாவது அந்த வகுப்பில் இருந்து பார்த்தவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்.

அப்படியானால் யாருக்கு எது? வீட்டில் ஒரு சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள், இந்த நாட்டுப் பள்ளி ஒன்றின் உள்ளே நீங்கள் இதுவரை கால் வைத்ததே பெற்றோராக மட்டும்தான் என்றால், ரெசிடென்சி கிடைத்தால் ரெசிடென்சி, கிடைக்காவிட்டால் ஸ்டூடன்ட் டீச்சிங். ஒரு வருடச் சம்பளம் போகும், ஆனால் இங்கத்திய வகுப்பு எப்படி ஓடுகிறது என்பதை இன்னொருவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது. சம்பளம் கட்டாயம் தேவை, கணிதம் அல்லது அறிவியல், ஏற்கெனவே சப்ஸ்டிடியூட்டாகவோ உதவியாளராகவோ வகுப்பில் நின்ற அனுபவம் இருக்கிறது, வேலை அனுமதி இரண்டு வருடத்துக்குச் சிக்கலில்லை என்றால் இன்டர்ன். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இரண்டு தடவை யோசிப்பேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அனுபவத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் நிற்கிறார்கள்.

இன்டர்ன்தான் என்று முடிவு செய்தவர்கள் நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் மென்டர் இதே பள்ளியில், இதே பாடம் நடத்துபவரா? எனக்கு எத்தனை வெவ்வேறு பாடத்துக்குத் தயார் செய்ய வேண்டும், ஒன்றா, மூன்றா? போன வருடம் எடுத்த இன்டர்ன்கள் இப்போதும் இங்கே இருக்கிறார்களா? மூன்றாவதற்குத் தலைமையாசிரியர் கொஞ்சம் தயங்கினால் காரணம் இருக்கும்.

மதுரைக்காரத் தங்கைக்கு நான் கடைசியில் சொன்னது இவை எதுவும் இல்லை. 30 நாள் சப்ஸ்டிடியூட் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. பட்டமும் அடிப்படைத் திறன் தேவையும் கைரேகையும் போதும், ஒரு ஆசிரியருக்குப் பதிலாகக் கொஞ்ச நாள் வகுப்பில் நிற்கலாம், ஒரு வருடம் செல்லும். அதை வாங்கிக்கொண்டு இந்தக் குளிர்காலம் முழுக்க நடுநிலைப் பள்ளிகளுக்குப் போய்வரச் சொன்னேன். மதிப்பீட்டு அறிக்கை வந்துவிட்டது. வியாழக்கிழமை லைவ் ஸ்கேன். தேங்காய் எண்ணெய் பற்றியும் சொல்லியிருக்கிறேன்.